குறுங்கோடையின் தோட்டக்காரர்கள்

அமெரிக்க வேளாண் துறை வெளியிடும் குளிர்மண்டல வரைபடம் அந்த நாட்டில் செடி விற்பவர்கள், வாங்குபவர்கள் எல்லாரிடமும் புழங்குகிறது. குளிர்காலத்தில் எந்த ஊரில் வெப்பநிலை எவ்வளவு கீழே இறங்கும் என்பதை அது நிறம்பிரித்துக் காட்டும். கடைசியாக 2023இல் திருத்தப்பட்டது. மினசோட்டா மாநிலத்தின் பல பகுதிகளுக்கும் கொலராடோ மாநிலத்து ராக்கி மலையூர்கள் பலவற்றுக்கும் அதில் ஒரே எண்: நான்காம் மண்டலம். மினசோட்டாவில் தக்காளி கொத்துக்கொத்தாகக் காய்க்கும். அதே நாற்றை 9,600 அடி உயரத்திலுள்ள பிரெக்கன்ரிட்ஜில் திறந்த வெளியில் நட்டால் ஜூலையில் பூக்கும், பூ உதிரும், பிஞ்சு பிடிக்குமுன் ஓர் இரவு உறைபனியில் கருகிவிடும். வரைபடத்தில் பிழை எதுவும் இல்லை. அது குளிர்காலத்தை அளக்கிறது. காய்கறிக்கு வேண்டியது கோடை. அந்த மலையின் கோடை எப்படிப்பட்டது என்பதை அந்த வரைபடத்திலிருந்து யாரும் தெரிந்துகொள்ள முடியாது.

பிறகு யாரிடமிருந்து தெரிந்துகொள்வது? உயர்மலைச் சமூகத் தோட்டங்களின் வாழ்வும் சாவும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் இருக்கிறது. ஊர்ப் பொது நிலத்தில் பாத்தி பிரித்து, வேண்டுவோருக்கு ஆண்டுக்கு ஒரு சிறு கட்டணத்தில் கொடுத்து, தண்ணீர்க் குழாய், மண்வெட்டி, மக்குக்குழி ஆகியவற்றைப் பொதுவில் வைத்துக்கொண்டு நடத்துவதே அங்கே சமூகத் தோட்டம். சமவெளி நகரங்களில் நிலமும் நீரும் கிடைத்துவிட்டால் அநேகமாகத் தோட்டம் நடந்துவிடும். மலையில் மூன்றாவதாக ஒன்று வேண்டும்: அந்த இடத்தின் பனியையும் காற்றையும் மண்ணையும் பல ஆண்டுகள் கவனித்த ஓர் ஆள். பெரும்பாலான தோட்டங்களில் அந்த ஆள் ஊதியம் பெறாத தன்னார்வலர். அவர் தரும் உடலுழைப்பைவிட அவரிடம் சேர்ந்திருக்கும் இட அறிவே பெரியது என்பதும், அந்த அறிவைக் காப்பாற்றும் ஏற்பாடு மிகவும் பலவீனமாக இருக்கிறது என்பதும் இங்கே நான் வைக்கும் வாதம்.

முதலில் இடம். கொலராடோவின் சம்மிட் கவுண்டியில் டில்லன், ஃபிரிஸ்கோ ஆகிய ஊர்கள் ஏறக்குறைய 9,100 அடியில் இருக்கின்றன. அடுத்த லேக் கவுண்டியிலுள்ள லெட்வில் 10,150 அடிக்கும் மேலே. நகரத் தகுதி பெற்ற அமெரிக்க ஊர்களில் அதுவே மிக உயரத்தில் இருப்பது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பள்ளிப்பாடம். தோட்டக்காரரைத் துன்புறுத்துவது அந்தச் சராசரி மட்டும் இல்லை. 9,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 72 விழுக்காடுதான். காற்றில் ஈரமும் குறைவு. மெல்லிய, உலர்ந்த காற்று பகல் வெயிலைத் தடுப்பதில்லை, இரவில் மண் விடும் வெப்பத்தைப் பிடித்துவைப்பதும் இல்லை. ஆகவே ஜூலை மாதத்திலும் நண்பகல் இதமாகச் சுடும். விடியற்காலை 5 டிகிரிக்கும் கீழே போகும். இரவு வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தக்காளிப் பூவில் மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காது. பிரெக்கன்ரிட்ஜ் தக்காளியின் பூ உதிர்வதற்கு அதுவே காரணம். உரம் போட்டோ தண்ணீர் விட்டோ அதைச் சரிசெய்ய முடியாது. உறைபனி இல்லாத நாள்கள் தொடர்ந்து இரண்டு மாதம் கிடைத்தால் அது நல்ல ஆண்டு. ஜூன் நடுவில்தான் துணிந்து நாற்று நடுகிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் கொல்லும் பனி வந்துவிடுகிறது. நடுவில் ஜூலையிலேயே ஓரிரவு உறைபனி எட்டிப் பார்ப்பதும் உண்டு.

தமிழ் வாசகர்களுக்கு உதகை கண்முன் வரும். ஒப்பிடுவது பயனுள்ளதுதான், ஆனால் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 11 டிகிரி வடக்கே இருக்கிறது. லெட்வில் 3,090 மீட்டர் உயரத்தில், 39 டிகிரி வடக்கே இருக்கிறது. நீலகிரியில் உறைபனி குளிர்கால இரவுகளோடு நின்றுவிடுகிறது. கேரட்டும் கோஸும் உருளையும் ஆண்டில் ஒரு போகத்துக்கு மேல் எடுக்க முடிகிறது. ராக்கி மலையில் அரை ஆண்டுக்கு மேல் மண்ணே பனிக்கு அடியில் கிடக்கும். ஒன்று மட்டும் இரண்டு மலைக்கும் பொது. கனமான குளிர்காற்று இரவில் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். உதகை நகருக்குள் லேசான குளிராக இருக்கும் இரவில் தலைக்குந்தா புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும் படத்தை ஒவ்வொரு ஜனவரியிலும் நாளிதழ்களில் பார்க்கிறோம். கொலராடோவில் ஃபிரேசர், கன்னிசன் பள்ளத்தாக்குகள் அப்படிப்பட்ட குளிர்த்தேக்கங்கள். நூறு அடி மேலே சரிவில் உள்ள தோட்டத்தில் கீரை நிற்கும்போது ஆற்றோரத் தோட்டத்தில் கருகிப்போயிருக்கும். நகராட்சி சமூகத் தோட்டத்துக்கு இடம் ஒதுக்கும்போது யாரும் கேட்காத, வசதியான, சமதளமான நிலத்தைத்தான் கொடுக்கும். அது பெரும்பாலும் பள்ளத்து நிலம். இடம் தேர்வு செய்யும் கூட்டத்திலேயே அனுபவமுள்ள ஒரு தோட்டக்காரர் உட்கார்ந்திருந்தால் இரண்டு வாரக் கோடையை அந்த ஊருக்கு மிச்சப்படுத்தித் தர முடியும். இதற்கு ஒரு பைசா செலவு இல்லை. ஆனால் இந்த அறிவு கூட்ட அறையில் இருந்தாக வேண்டும்.

என்ன விளையும் என்பதற்கும் இதே கதை. முள்ளங்கி, பசலைக்கீரை, லெட்டூஸ், கேல், பட்டாணி, டர்னிப், பீட்ரூட், கேரட், உருளை. குளிரைத் தாங்குவதோடு கேலும் கேரட்டும் பனி பட்டால் உடலில் சர்க்கரையைக் கூட்டிக்கொண்டு இனிப்பாகவும் ஆகும். விதைப் பொட்டலத்தில் 'நாற்பத்தைந்து நாளில் அறுவடை' என்று அச்சிட்டிருப்பது வெதுவெதுப்பான இரவு உள்ள ஊர்க் கணக்கு. மலையில் அதோடு சில வாரங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எத்தனை வாரம் என்பது ரகத்துக்கு ரகம், ஊருக்கு ஊர் மாறும். இதை அந்த மலை ஒருகாலத்தில் நன்றாக அறிந்திருந்தது. 1920களில் ராக்கி மலைப் பள்ளத்தாக்குகளில் லெட்டூஸ் பெரும் பணப்பயிராக இருந்தது. சுமார் 8,000 அடியிலுள்ள பியூனா விஸ்டா லெட்டூஸுக்காகத் திருவிழாவே எடுத்தது. பனிக்கட்டி நிரப்பிய ரயில் பெட்டிகளில் சரக்கு தொலைநகரங்களுக்குப் போயிற்று. பிறகு வேறு மாநிலங்களின் பாசன நிலங்கள் அந்தச் சந்தையை எடுத்துக்கொண்டன. பயிர் போனது. எந்தச் சரிவில் எந்த வாரம் விதைப்பது என்று அறிந்திருந்தவர்களும் போனார்கள். இன்று ஒரு சமூகத் தோட்டத்தில் லெட்டூஸ் விதைக்கிறவர், நூறாண்டுக்கு முன் அதே பள்ளத்தாக்கில் தெரிந்திருந்த ஒன்றைத் தொடக்கத்திலிருந்து கற்கிறார்.

விவசாய அறிவை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க அமெரிக்காவில் பழைய, உறுதியான ஓர் அமைப்பு இருக்கிறது. 1862ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலந்தோறும் வேளாண் கல்லூரிகளுக்கு நிலம் கொடுத்தது. 1887ஆம் ஆண்டுச் சட்டம் ஆய்வுப் பண்ணைகளை அமைத்தது. 1914இன் ஸ்மித்-லீவர் சட்டம் கவுண்டிதோறும் வேளாண் விரிவாக்க அலுவலரை நியமிக்க வழிசெய்தது. கொலராடோவில் இந்தப் பொறுப்பு ஃபோர்ட் காலின்ஸில் உள்ள கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. பல்கலைக்கழகம் இருக்கும் உயரம் சுமார் 5,000 அடி. அங்கிருந்து சொல்லப்படும் விதைப்புத் தேதி 9,000 அடியில் செல்லாது. கீழே செய்யப்பட்ட அறிவை மேலே உள்ள நிலத்துக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்ல இடையில் ஒருவர் தேவை. கவுண்டிக்கு ஒருவர், இருவர் என்று இருக்கும் அலுவலர்களால் அது ஆகாது. அவர்கள் கால்நடை, மேய்ச்சல் நிலம், களை, சிறுவர் மன்றம் என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டியவர்கள்.

இந்த இடைவெளியை நிரப்பும் யோசனை மலையில் பிறக்கவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில், டகோமா நகரங்களை அடுத்த கவுண்டிகளில் டேவிட் கிபி, பில் ஷீர் என்ற இரு விரிவாக்க அலுவலர்கள், வீட்டுத் தோட்டக்காரர்களின் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லி மாளாமல் ஒரு வழியைக் கண்டார்கள். ஆர்வமுள்ளவர்களுக்குப் பல்கலைக்கழகம் முறையாகப் பயிற்சி தரும். அதற்கு ஈடாக அவர்கள் குறிப்பிட்ட மணி நேரம் மக்களுக்கு ஆலோசனை சொல்ல வேண்டும். 1972இல் டகோமாவின் வணிக வளாகம் ஒன்றில் முகாம் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். 1973இல் முதல் பயிற்சி நடந்தது. 'மாஸ்டர் கார்டனர்' என்ற பெயரில் அது பரவி 1975இல் கொலராடோவுக்கு வந்தது. இன்று எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. தாவரவியல், மண், பூச்சி, நோய், களை, நீர் எனப் பாடங்கள். முதல் ஆண்டில் இத்தனை மணி நேரம் என்று தன்னார்வப் பணிக் கணக்கு. பல மாநிலங்களில் அது 40, 50 மணி என்ற அளவில் இருக்கும். பிறகு ஆண்டுதோறும் தொடர்ந்து கற்கவும் தொண்டு செய்யவும் வேண்டும்.

இந்த ஒப்பந்தத்தின் அழகு எனக்கு மிகவும் பிடித்தது. தொண்டு என்றால் நம்மிடம் ஈகை என்றே பொருள்படுகிறது. கொடுப்பவர் மேலே, பெறுபவர் கீழே. இங்கே தொண்டு செய்பவர் முதலில் மாணவராக உட்காருகிறார். தான் பெற்ற கல்விக்குக் கடன் தீர்ப்பதாகவே அவர் தோட்டத்துக்குப் போகிறார். பாத்தியில் நிற்கும் புதியவரோடு அவர் பேசும் தொனியையே அது மாற்றிவிடுகிறது. இன்னொரு நல்ல விதி, பூச்சியைப் பற்றியோ மண்ணைப் பற்றியோ கேட்டால் 'எங்கள் பாட்டி இப்படிச் செய்வார்' என்று சொல்லி அனுப்பாமல், ஆய்வில் உறுதியானதைச் சொல்ல வேண்டும் என்பது. மலையூர்களில் ஊசியிலை மர இலைச்சருகு விழுந்து மண் புளித்துவிடும் என்று பலரும் நம்பிச் சுண்ணாம்பு வாங்கிக் கொட்டுவார்கள். பயிற்சி பெற்றவர் அதைத் தடுத்து, மண்ணைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பச் சொல்வார்.

அப்படிச் சோதித்தால் பெரும்பாலும் தெரிய வருவது, மண்ணில் மக்கு இல்லை என்பது. சிதைந்த கருங்கல் மணலும் சரளையுமாக இருக்கும். மக்கு சேர்க்க வேண்டும் என்றதும் அருகிலுள்ள குதிரை லாயத்திலிருந்து சாணம் இலவசமாக வந்துவிடும். தோட்டத்துக்கு வரக்கூடிய மிகப் பெரிய ஆபத்துகளில் ஒன்று அந்த இலவசச் சாணத்தில் இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் முட்செடிகளை அழிக்க அமினோபைரலிட் போன்ற களைக்கொல்லிகளைத் தெளிப்பார்கள். புல்லுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் புல்லை உலர்த்திய வைக்கோலைத் தின்ற குதிரையின் குடலையும் கடந்து, மக்கும்போதும் சிதையாமல், மருந்து சாணத்தில் தங்கிவிடுகிறது. பட்டாணி, அவரை, உருளை, தக்காளி எல்லாம் அது பட்டால் இலை சுருண்டு முறுக்கிக்கொள்ளும். மலையின் முக்கியப் பயிர்களில் இரண்டு இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். சோதிப்பது எளிது: வந்த சாணத்தைக் கலந்த மண்ணில் சில அவரை விதை, கலக்காத மண்ணில் சில அவரை விதை, இரண்டு மூன்று வாரத்தில் இலையைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு தொட்டி, ஒரு கைப்பிடி விதை, கொஞ்சம் பொறுமை. இதைச் செய்யச் சொல்ல ஆள் இல்லாத தோட்டத்தில் ஒரு வண்டிச் சாணம் எல்லாருடைய பாத்தியையும் ஒன்றிரண்டு ஆண்டுக்குக் கெடுத்துவிடும்.

லெட்வில்லின் சிக்கல் இதைவிடக் கடுமையானது. 1870களின் கடைசியில் வெள்ளி கிடைத்து எழுந்த ஊர் அது. வெள்ளியோடு ஈயமும் துத்தநாகமும் தோண்டினார்கள். கழிவு மலைமலையாகக் குவிந்தது. 1983இல் கலிபோர்னியா கல்ச் என்ற அந்தப் பகுதியை, ஊரையும் சேர்த்து, நாட்டின் மிக மாசுபட்ட இடங்களைச் சுத்திகரிக்கும் 'சூப்பர்ஃபண்ட்' பட்டியலில் கூட்டாட்சி அரசு சேர்த்தது. பரப்பு சுமார் 18 சதுர மைல். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவைக் கண்காணிப்பதும் வீட்டு முற்றத்து மண்ணை மாற்றுவதும் பல ஆண்டுகள் நடந்தன. ஈயம் கலந்த மண்ணில் தோட்டம் போடுவோருக்கு வழக்கமாகச் சொல்லும் அறிவுரை: காய்க்கும் பயிரை நடுங்கள், இலையும் கிழங்கும் வேண்டாம். தக்காளிப்பழத்துக்குள் ஈயம் அதிகம் ஏறுவதில்லை. கீரையில் புழுதி ஒட்டும், கிழங்கின் தோலில் மண்ணே ஒட்டியிருக்கும். ஆனால் 10,000 அடியில் தக்காளி காய்க்காது. அங்கே விளைவதெல்லாம் இலையும் கிழங்கும்தான். நச்சுக்கு அஞ்சி விலக்க வேண்டிய பயிர்கள் எவையோ அவையே குளிர் அனுமதிக்கும் பயிர்களாகவும் இருக்கின்றன. சமவெளிக்கு எழுதிய கையேடு எதுவும் இந்த முரணை எதிர்பார்த்திருக்காது.

வழி இல்லாமல் இல்லை. தரையில் தடுப்புத் துணி விரித்து, பலகை அடித்து, வெளியிலிருந்து சோதித்த மண்ணைக் கொண்டுவந்து நிரப்பி மேட்டுப்பாத்தி எழுப்ப வேண்டும். மேட்டுப்பாத்தி வசந்தத்தில் சீக்கிரம் சூடேறும் என்பது கூடுதல் பயன். நடைபாதையில் மரச்சீவல் பரப்பிப் புழுதி எழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அறுத்ததை நன்றாகக் கழுவ வேண்டும், குழந்தைகள் கை கழுவிவிட்டு வீட்டுக்குள் போக வேண்டும். ஒரு குடும்பம் தன் செலவில் இத்தனையும் செய்வது கடினம். பொதுத் தோட்டத்தில் ஒருமுறை செய்தால் நாற்பது குடும்பத்துக்கும் பாதுகாப்பு. லெட்வில்லைப் போன்ற ஊரில் சமூகத் தோட்டம் பொழுதுபோக்கு வசதியாக இருப்பதோடு பொதுச் சுகாதாரப் பணியாகவும் ஆவது இப்படித்தான். அந்த ஊரில் வாழும் உழைக்கும் குடும்பங்களில் பலர் ஸ்பானிய மொழி பேசுபவர்கள், மலையைத் தாண்டிப் பனிச்சறுக்கு விடுதிகளில் வேலை பார்க்கப் போகிறவர்கள். ஈயத்தைப் பற்றிய எச்சரிக்கை அவர்கள் மொழியில் அவர்களைச் சென்றடையவில்லை என்றால் எச்சரித்ததாகவே கொள்ள முடியாது.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், சட்டம் நீளமாக இருந்தாலும். கொலராடோவில் முதலில் உரிமை பெற்றவருக்கே முதல் நீர். டில்லன் ஊரின் கரையில் கிடக்கும் பெரிய நீர்த்தேக்கம் 1960களில் மலைக்கு அந்தப்பக்கம் உள்ள டென்வர் நகருக்காகக் கட்டப்பட்டது. 23 மைல் சுரங்கம் வழியாக நீர் அங்கே போகிறது. வீட்டுக் கூரையில் விழும் மழையைப் பீப்பாயில் பிடிப்பதுகூட 2016 வரை பெரும்பாலோருக்குச் சட்டப்படி அனுமதியில்லை. அந்த ஆண்டு வீட்டுக்கு இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன் என்று சட்டம் தளர்ந்தது. வீடுகளுக்குக் கிடைத்த இந்தச் சலுகையைச் சமூகத் தோட்டங்கள் நம்பியிருக்க முடியாது. ஊர்க் குழாய்தான் கதி. சொட்டுக் குழாய் பதிப்பதும் அடைப்பு நீக்குவதும் இலையுதிர் காலத்தில் குழாய் வெடிக்காமல் நீரை வடிப்பதும் தன்னார்வலர்கள் தலையில் விழும் வேலைகள்.

கோடையை நீட்டிக்கும் முயற்சிகள் பலவகை. மெல்லிய பனிக்காப்புத் துணியைப் பாத்திமேல் போர்த்தினால் இரண்டு மூன்று டிகிரி பாதுகாப்பு கிடைக்கும். தக்காளியை விடமாட்டேன் என்பவர்கள் நீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழல்களைச் செடியைச் சுற்றி நிறுத்துவார்கள். பகலில் நீர் சூடேறி இரவில் விடும். பெரிய அளவில் செய்து காட்டிய ஊர் பகோசா ஸ்பிரிங்ஸ். தெற்குக் கொலராடோவில் சுமார் 7,100 அடியில் உள்ள அந்த ஊரில் மண்ணுக்கடியிலிருந்து வெந்நீர் ஊறுகிறது. 1980களின் தொடக்கம் முதல் ஊர்க் கட்டடங்களையே அதைக் கொண்டு சூடாக்குகிறார்கள். அந்த வெந்நீரைக் கொண்டு வெப்பமூட்டும் மூன்று கவிகைக் கூடங்கள் சான் வான் ஆற்றங்கரைப் பூங்காவில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 42 அடி விட்டம். ஒன்று கல்விக்கு, ஒன்று சமூகத் தோட்டத்துக்கு, ஒன்று புதுமுயற்சிக்கு. நடத்துவது உள்ளூர்த் தொண்டு அமைப்பு. பாசால்ட் ஊருக்கு அருகே 7,000 அடிக்கு மேல் ஜெரோம் ஓசன்டோவ்ஸ்கி, கண்ணாடிக்கூடத்தின் பகல்நேரச் சூட்டுக்காற்றை விசிறி வைத்து மண்ணுக்கடியில் பதித்த குழாய்களில் செலுத்திச் சேமிக்கும் முறையை வளர்த்தெடுத்து அத்திப்பழம் விளைவித்திருக்கிறார். இவை மதிக்க வேண்டிய சாதனைகள். ஆனாலும் பெரும்பாலான ஊர்களுக்கு வெந்நீரும் கிடையாது, கூடம் கட்டப் பணமும் கிடையாது. அவர்களுக்கு நான்கு அங்குல மக்கும் ஒரு சுருள் பனித்துணியும் சரியான தேதியும்தான் உண்மையான தொழில்நுட்பம்.

இனிக் கசப்பான பகுதி. இந்தத் தன்னார்வலர்கள் யார்? மாஸ்டர் கார்டனர்களைப் பற்றிய கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்பக் காட்டுவது: பெரும்பாலோர் வயதானவர்கள், வெள்ளையர்கள், பெண்கள், கல்லூரிப் படிப்பு உள்ளவர்கள். பயிற்சிக்குக் கட்டணம் உண்டு. வகுப்புக்கு நேரம் வேண்டும். இரண்டு வேலை பார்த்து வாடகை கட்டும் விடுதித் தொழிலாளிக்கு இரண்டும் இல்லை. சம்மிட் கவுண்டியின் வீடுகளில் பெரும்பாலானவை வெளியூர்க்காரர்களின் இரண்டாம் வீடுகள். உழைப்பவர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதே பாடு. அவர்களில் பலர் ஒன்றிரண்டு பருவத்தில் ஊரைவிட்டே போய்விடுகிறார்கள். ஒரு மலைத் தோட்டத்தின் போக்கைப் புரிந்துகொள்ளக் குறைந்தது நான்கைந்து கோடை வேண்டும். அந்த நான்கைந்து கோடை அங்கேயே இருக்க வசதியுள்ளவர்களிடம் அறிவு சேர்கிறது. பாத்தி மிகவும் தேவைப்படுகிறவர்களிடம் சேர்வதில்லை. இதைத் தன்னார்வலர்களின் குற்றமாக நான் சொல்லவில்லை. அவர்கள் தம் ஓய்வுக்காலத்தைப் பிறர் பாத்தியில் முழங்காலிட்டுக் கழிப்பவர்கள். ஏற்பாட்டில்தான் குறை. பயிற்சிக் கட்டணத்தை ஊராட்சி ஏற்று, வகுப்பை ஸ்பானிய மொழியிலும் வேலை முடிந்த நேரத்திலும் வைத்தால் இதில் பாதி தீரும்.

மற்றப் பாதி, ஊதியம் பெறும் ஓர் ஒருங்கிணைப்பாளர். 'தன்னார்வலர்கள் இருக்கிறார்களே, ஊதியத்துக்கு ஆள் எதற்கு' என்று நிதிநிலை இறுகும்போதெல்லாம் குரல் எழும். இதைவிடத் தவறான சிக்கனம் வேறு இல்லை. யாருக்கு எந்த நாள் முறை, புதியவர் யாரிடம் கற்பது, சாவி யாரிடம், சாணத்தைச் சோதித்தாயிற்றா, வேலி ஓட்டையில் மான் நுழைகிறதா, கரடியை இழுக்கும் பழக்கழிவு மக்குக்குழியில் விழாமல் யார் பார்ப்பது: இவற்றுக்குப் பொறுப்பான ஒருவர் இல்லாத தோட்டத்தில் தன்னார்வலர்கள் முதலில் களைக்கிறார்கள், பிறகு மனம் கசக்கிறார்கள், பிறகு வராமல் இருக்கிறார்கள். உதகையின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1840களில் அங்கே குடியிருந்த ஐரோப்பியர்கள் மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டுக் காய்கறித் தோட்டம் ஒன்றை அமைத்து, சந்தாதாரர்களுக்குக் காய்கறி பகிர்ந்தார்கள். அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. பிறகு சென்னை ஆளுநர் ட்வீடேல் பிரபுவின் ஆதரவில் பொதுத் தோட்டமாக மாறி, 1848இல் கியூ தோட்டத்தில் பயின்ற மக்கைவர் முழுநேரப் பொறுப்பாளராக வந்த பின்னரே அது இன்றைய தாவரவியல் பூங்காவாக வளர்ந்தது. காலனி அதிகாரத்தின் பணமும் அதிகாரமும் அதில் இருந்தன என்பதை மறக்கவில்லை. ஆனாலும் சந்தா மட்டும் தோட்டத்தை நடத்தாது என்பது அங்கே தெளிவாகிவிட்டது.

அமெரிக்கச் சமூகத் தோட்டங்களின் நூற்றாண்டு வரலாற்றை 2005இல் வெளிவந்த தன் நூலில் எழுதிய லாரா லாசன் காட்டும் போக்கும் இதோடு ஒத்துப்போகிறது. 1890களின் பொருளாதார நெருக்கடியில் டெட்ராய்ட் மேயர் பிங்கிரி காலி மனைகளில் உருளைக்கிழங்கு போட வைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது சுமார் இரண்டு கோடி வெற்றித் தோட்டங்கள் இருந்தன. நெருக்கடி வரும்போது தோட்டம் எழும். தீர்ந்ததும் ஆதரவு விலகும், தோட்டம் மறையும். 2020இன் பெருந்தொற்றில் பாத்திகளுக்கு வரிசை நின்றதையும் நாம் பார்த்தோம். சமவெளியில் மறைந்த தோட்டத்தை ஒரே கோடையில் மீட்டுவிடலாம். மலையில் மீட்க நான்கைந்து கோடை ஆகும், ஏனெனில் மண்ணோடு அறிவையும் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

அறிவைச் சேர்க்க அதே மாநிலத்திலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1997 ஜூலையில் ஃபோர்ட் காலின்ஸில் பெருமழை கொட்டி வெள்ளத்தில் உயிர்கள் போயின. நகரின் ஒரு மூலையில் கொட்டிய மழை இன்னொரு மூலையில் பாதிகூட இல்லை. அரசு மழைமானிகள் எண்ணிக்கையில் போதவில்லை. அடுத்த ஆண்டே கொலராடோ காலநிலை மையம், மக்கள் தம் வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்துத் தினமும் அளந்து அனுப்பும் அமைப்பைத் தொடங்கியது. 'கோகோராஸ்' என்ற அந்த அமைப்பு இன்று அமெரிக்கா முழுவதும் பரவி, வானிலைத் துறையே நம்பிப் பயன்படுத்தும் தரவைத் தருகிறது. எளிய கருவி, ஒரே முறை, நாள் தவறாத பதிவு. சமூகத் தோட்டங்களுக்கு இதே ஒழுங்கு வேண்டும். கடைசி வசந்தப் பனி எந்த நாள், முதல் பனி எந்த நாள், எந்த ரகம் எந்த நாள் விதைத்து எந்த நாள் அறுத்தது, எது தோற்றது: இவ்வளவையும் ஒவ்வொரு பாத்தியும் எழுதி, குளிர்காலத்தில் தொகுத்து, அடுத்த வசந்தத்தில் புதியவர் கையில் கொடுத்தால், ஒருவர் ஊரைவிட்டுப் போனாலும் அவர் கற்றது போகாது. தோற்றதை எழுதுவது இதில் மிக முக்கியம். வென்ற தக்காளியின் படத்தை எல்லாரும் காட்டுவார்கள். தோற்ற பத்து ரகங்களின் பெயர்தான் அடுத்தவரின் கோடையைக் காப்பாற்றும்.

காலமும் மாறிவிட்டது. கொலராடோ மலைகளில் பனி உருகும் காலம் 1970களின் கடைசி தொடங்கி முப்பதாண்டுகளில் இரண்டு மூன்று வாரம் முன்னே வந்துவிட்டதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கோடை நீள்கிறது என்று தோட்டக்காரர் மகிழ முடியாது. பனி சீக்கிரம் உருகினால் ஆகஸ்டில் ஓடை வற்றும். காட்டுத்தீயின் புகை வாரக்கணக்கில் பள்ளத்தாக்கை மூடும். முன்கூட்டி வந்த வெப்பத்தை நம்பித் துளிர்த்ததை வழக்கமான நாளில் வரும் ஜூன் பனி கருக்கும். ஊர் முதியவரின் நினைவு மட்டும் இனிப் போதாது. அந்த நினைவையே ஆண்டுதோறும் அளந்து திருத்த வேண்டியிருக்கிறது. எழுதிவைக்காத அறிவு இனி இரண்டு மடங்கு வேகத்தில் காலாவதியாகும்.

ஆகவே உயர்மலைச் சமூகத் தோட்டத்துக்குப் பணம் கொடுக்கும் நகராட்சியும் அறக்கட்டளையும் பலகைக்கும் பைப்புக்கும் முன்னால், ஓர் ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்துக்கும் தொழிலாளர்களுக்கு எட்டும் பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும் என்பதே என் முடிவு. பலகை பத்தாண்டில் உளுத்துவிடும், மாற்றிக்கொள்ளலாம். உதகையிலோ கொடைக்கானலிலோ நுவரெலியாவிலோ வீட்டுப் பின்புறம் நான்கு பாத்தி வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: இந்தக் குளிர்காலத்தில் உங்கள் தோட்டத்தில் உறைபனி விழுந்த ஒவ்வொரு நாளையும், அன்று எந்தப் பயிர் தப்பியது, எது கருகியது என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். சரிவின் மேலேயும் கீழேயும் இருக்கும் பக்கத்து வீட்டாரையும் எழுதச் சொல்லுங்கள். மார்ச் மாதத்தில் குறிப்பேடுகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள்.